மூளைச்சாவு அடைந்த குழந்தையின் உறுப்புகளைத் தானம் செய்யும்படி பெற்றோரிடம் எப்போது, எப்படிக் கேட்கிறார்கள்?

தமிழகத்து மருத்துவமனை ஒன்றில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். குழந்தைகள் ஐசியூ வாசலில் இந்தப் பேச்சைப் பலமுறை தொடங்க வேண்டி வந்திருக்கிறது.

பிள்ளை இறந்துவிட்டது என்பது பெற்றோரின் மனத்தில் இறங்கும் முன் "தானம்" என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், உறுப்புக்காகத்தான் கைவிட்டுவிட்டார்களோ என்ற ஐயம் அவர்களை ஆயுள் முழுவதும் அரிக்கும். ஆனால் மூளைச்சாவை, அதாவது மூளை இனி மீளாதபடி முழுதும் செயலிழந்துவிட்டதே சாவு என்பதை, ஏற்பது எளிதன்று. உடம்பு சூடாக இருக்கிறது, வென்டிலேட்டரின் தயவில் நெஞ்சு ஏறி இறங்குகிறது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் தாய் என் கையைப் பிடித்து இழுத்து மகளின் மார்பில் வைத்து, "மூச்சு வருதே மேடம், நீங்களே தொட்டுப் பாருங்க" என்றார். அந்தக் கணத்தில் சட்டம் பேச முடியாது.

சட்டம் சொல்வது இதுதான். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மருத்துவமனைப் பொறுப்பாளர், சிகிச்சையளிக்கும் மருத்துவர், அரசு ஏற்ற பட்டியலிலுள்ள நிபுணர் ஒருவர், நரம்பியல் மருத்துவர் ஒருவர் என நால்வர் மூளைச்சாவு என்று சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவினர் இவர்களில் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்குக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்கிறார்கள். குழந்தைகளுக்கு அந்த இடைவெளியை நிபுணர்கள் இன்னும் கூட்டுவார்கள். வென்டிலேட்டரிலிருந்து பிரித்து, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, இரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் தானாக ஒரு மூச்சாவது எழுகிறதா என்று பார்ப்பதும் இச்சோதனையில் அடங்கும். விரும்பும் பெற்றோரை அப்போது அருகில் நிற்க விடலாம் என்பது என் கருத்து. உடன்படாத மருத்துவர்களும் உண்டு.

18 வயதுக்குட்பட்டவருக்குத் தாய் அல்லது தந்தை ஒருவரின் கையெழுத்தே சட்டத்துக்குப் போதும். நம் வீடுகளிலோ தாத்தாவும் பெரியப்பாவும் வராண்டாவில் கூடி முடிவெடுத்துவிட்டு, தாயைக் கடைசியில்தான் அழைக்கிறார்கள். நான் அவரோடு தனியே உட்கார்ந்து பேசாமல் படிவத்தை நீட்டுவதில்லை. முகம் மாறிவிடுமா, உடலை எப்போது தருவார்கள், பணம் கட்ட வேண்டுமா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகாது, உறுப்பு எடுப்பதற்கான செலவைக் குடும்பம் ஏற்க வேண்டியதில்லை, விபத்து என்றால் பிரேதப் பரிசோதனையால் நேரம் கூடும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

பலரும் எடுத்துக்காட்டும் பெயர் ஹிதேந்திரன். 2008 செப்டம்பரில் விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்த அந்தப் பதினைந்து வயது மாணவனின் இதயத்தைச் சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி 11 நிமிடங்களில் முகப்பேரிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு சென்று ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தினார்கள். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லி மற்றவரை நெருக்குவதை நான் தவிர்க்கிறேன்.

நான் மேலே சொன்ன தாய் மறுத்துவிட்டார். சரி என்று சொல்லி எழுந்து வந்தேன். மறுத்தவர்களிடம் திரும்பப் போய்க் கேட்பதில்லை. வென்டிலேட்டர் தொடர்ந்தது, மூன்றாம் நாள் விடியற்காலையில் இதயம் தானாக நின்றது. சற்று நேரத்தில் தந்தை என்னைத் தேடி வந்து, "அவ அம்மா கேக்கச் சொன்னா, கண்ணை மட்டுமாவது எடுத்துக்குவாங்களா?" என்றார். இதயம் நின்ற 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்கலாம் என்பதால் உடனே கண் வங்கியை அழைத்தேன். செவிலியர் பஞ்சுத் துணியில் சுற்றி, மேலே பிளாஸ்திரி ஒட்டிப் பெயரெழுதி வைத்திருந்த கொலுசை அவரிடம் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.