லம்முக்குக் கிடைக்காத ஒரு வார்த்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரை ஒன்றைப் பார்த்து ரூமிகோ தகஹாஷியின் ‘உருசெய் யாட்சுரா’ மாங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) படிக்க ஆரம்பித்தேன். ஐந்து தொகுதி முடிந்தது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஏதாவது பூதமோ வேற்றுக்கிரகவாசியோ வந்து ரகளை செய்கிறது, அடுத்த அத்தியாயத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. நாயகன் கண்ணில் பட்ட பெண்கள் பின்னால் ஓடுகிறான், நாயகி அவன் மேல் மின்சாரம் பாய்ச்சுகிறாள். இந்தக் காதல் நகரவே நகராதா? மாயமந்திரம் இல்லாத பள்ளிக் காதலாகவே எழுதியிருக்கலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஐந்து தொகுதியில் இந்தச் சலிப்பு வருவது நியாயம்தான். மொத்தம் 34 தொகுதி. 1978 முதல் 1987 வரை ‘ஷோனென் சண்டே’ வார இதழில் வந்த தொடர். புத்தாண்டும் கோடை விடுமுறையும் திரும்பத் திரும்ப வரும். நாயகன் அதாருவும் நாயகி லம்மும் மட்டும் தொமொபிகி பள்ளியில் அதே இரண்டாம் ஆண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

லம் யார் என்று பாருங்கள். ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் ‘ஓனி’ என்ற கொம்புப் பூதம் அவள். புலித்தோல் உடை அந்தப் பூதங்களுக்குரியது. பிப்ரவரியில் வரும் செத்சுபுன் நாளில் ஓனி வெளியே போகட்டும் என்று சொல்லி வறுத்த சோயா பயறை எறிவது அங்கே வழக்கம். ஊரே விரட்டும் அந்தப் பூதம்தான் இங்கே அதாருவின் அறை அலமாரியில் படுத்துத் தூங்குகிறது.

அவள் வந்ததே ஒரு தவறான புரிதலால். பூமியைப் பிடிக்க வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த கூட்டம் அவளுடையது; பத்து நாளுக்குள் அதாரு ஓடிப்போய் லம்மின் கொம்பைப் பிடித்தால் பூமி தப்பிக்கும் என்பது பந்தயம். ஜெயித்தால் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவன் காதலி ஷினோபு சொல்லியிருக்கிறாள். அதாரு அந்த வேகத்தில் கல்யாணம் கல்யாணம் என்று கத்திக்கொண்டு கொம்பைப் பிடிக்க, தன்னைத்தான் கேட்கிறான் என்று லம் நம்பிவிடுகிறாள். முதல் அத்தியாயத்தோடு அவளை அனுப்பிவிடத்தான் தகஹாஷி நினைத்திருந்தார். இரண்டாம் அத்தியாயத்தில் அவள் இல்லை. மூன்றாவதில் திரும்பி வந்தாள், அப்புறம் கதையே அவளுடையதாகிவிட்டது.

மாயம் எதற்கு என்றீர்கள். அவளால் பறக்க முடியும், இடி இறக்க முடியும், விண்கலத்தில் ஊருக்குப் போய் வர முடியும். ஆனால் ‘உன்னைப் பிடிக்கும்’ என்று அதாரு வாயால் ஒரு தடவை சொல்ல வைக்க முடியவில்லை. இத்தனை சக்தி இருந்தும் அது நடக்கவில்லை என்பதால்தான் அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு கனம். சாதாரணப் பெண்ணாக இருந்திருந்தால் அவள் பாவம் என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம்.

ஓர் அத்தியாயத்தில் நண்பர்கள் பொறாமையில் இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் அதாருவுக்குக் காதல் கடிதம் எழுதிவிடுகிறார்கள். அவன் காத்திருந்து ஏமாறுவதை மறைந்து நின்று பார்த்துச் சிரிப்பது திட்டம். விஷயம் லம்முக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் மின்சாரம் பாய்ச்சவில்லை. கொம்பை மறைத்துக்கொண்டு, பூமிப் பெண் போல உடுத்தி, அந்த இல்லாத பெண்ணாகவே அவன் முன்னால் போய் நிற்கிறாள். அவன் நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது, அவ்வளவுதான். வேறொருத்திக்காகக் காத்திருப்பவனுக்கு இதைச் செய்கிறாள் என்பதை யோசித்துப் பாருங்கள். மறுவாரம் வழக்கம்போல ரகளை. நீங்கள் நகரவில்லை என்று சொல்வது இந்த மறுவாரத்தைத்தான். எனக்கோ, அந்த மாலையைப் பற்றி இருவரும் பேசாமலே அடுத்த ரகளைக்குள் போவதில்தான் இந்தக் காதல் வளர்கிறது.

முடிவைச் சொல்லாமல் இதை முழுதாக விளக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் அதே ஓட்டப் பந்தயம். அதாரு தோற்றால் லம் போய்விடுவாள், அவளைப் பற்றிய நினைவும் எல்லோருக்கும் அழிந்துவிடும். காதலிக்கிறேன் என்று சொன்னால் பிடிபடத் தயார் என்கிறாள். அவன் சொல்ல மாட்டேன் என்கிறான். இப்படி ஒரு நிலைமையில் சொன்னால் அது உண்மைதான் என்று எப்படி நம்புவாய் என்பது அவன் கேள்வி. அவள் தலையிலிருந்து முன்பு உதிர்ந்த கொம்பை அவன் ரகசியமாக வைத்திருப்பது, ஓடும்போது கை தவறி விழுகையில்தான் தெரிகிறது. லம் அதைப் பார்த்துவிடுகிறாள். தன்னை மறக்க அவன் விரும்பவில்லை என்று அவளுக்குப் புரிகிறது. அந்த வார்த்தையை அவன் அப்போதும் சொல்லவில்லை.

மாதக் கணக்கில் தள்ளித் தள்ளிப் படித்தவருக்கே இந்த இடம் நெஞ்சை அடைக்கும். ஐந்தோடு நிறுத்திவிடாதீர்கள். சலித்தால் சில அத்தியாயங்களைத் தாண்டிப் போங்கள், தனித்தனிக் கதைகள்தானே. கடைசித் தொகுதியை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டாம்.