பெருவில் எந்த பஸ்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வரும் ஜூன் மாதம் நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் பெரு, பொலிவியா போகிறோம். லிமாவில் இறங்கி அரெக்கிப்பா, குஸ்கோ, புனோ, பிறகு எல்லை தாண்டி கோப்பகபானா, லா பாஸ். எல்லாம் பஸ்ஸில்தான். முதுகில் ஒரு பை, கையில் அளவான காசு.

எங்களுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. சொகுசு பஸ்ஸில் ஏறினால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாட்டை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவோம், உள்ளூர்க்காரன் போகிற பஸ்ஸில் போனால்தான் பயணம், காசும் மிச்சம் என்கிறான் அவன். எனக்கு மலைப்பாதை விபத்துகளைப் பற்றிப் படித்துப் படித்துத் தூக்கம் போய்விட்டது. அம்மாவிடம் பஸ் என்றே இன்னும் சொல்லவில்லை. நீங்கள் இரண்டிலும் போயிருக்கிறீர்கள். எது சரி?

ர.,
ஈரோடு

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் உள்ளூர்க்காரன் என்று யாரைச் சொல்கிறார்? லிமாவில் குரூஸ் டெல் சூர் மாதிரி ஒரு பெரிய கம்பெனியின் பஸ் நிலையத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். (அங்கே பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று தனி நிலையம் வைத்திருக்கின்றன. டிக்கெட்டில் போட்டிருக்கும் முகவரியைப் பார்க்காமல் டாக்சி பிடித்தால் ஊரைச் சுற்ற வேண்டியதுதான்.) லீவு முடிந்து திரும்பும் மாணவர்கள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், மகன் டிக்கெட் எடுத்துக்கொடுத்து ஏற்றிவிட வந்திருக்கும் ஒரு பாட்டி. முதுகில் வண்ணத் துணியில் கட்டிய மூட்டை. அதை லக்கேஜில் போட மாட்டேன் என்று பாட்டிக்கும் கவுண்டரில் இருக்கும் பையனுக்கும் வாக்குவாதம். பெருவில் ரயில் சொற்பம். ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டிய சனம், விமானத்துக்குக் காசில்லாவிட்டால் பஸ்ஸில்தான் போகிறது. கொஞ்சம் வசதி இருந்தால் நல்ல பஸ்ஸில் போகிறது. கஷ்டப்படுகிறவன் ஏறுகிற வண்டியில்தான் அசல் நாடு இருக்கிறது என்ற நம்பிக்கை, வெளியிலிருந்து வருகிற நமக்கு மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. அந்தப் பாட்டியிடம் சொன்னால் சிரிப்பார்.

சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஓடும் பஸ்கள் தனி ரகம். தங்கும் விடுதி வாசலிலேயே ஏற்றிக்கொண்டு, போகும் வழியெல்லாம் இங்கிலீஷில் ஜோக் சொல்லி, அடுத்த விடுதி வாசலில் இறக்கிவிடும். அதைப் பற்றி என்றால் உங்கள் நண்பர் பேசுவது நூற்றுக்கு நூறு சரி.

நான் பார்ப்பது இரண்டே விஷயம்தான்: எந்த ரோடு, எந்த நேரம். காசு அப்புறம்.

லிமாவிலிருந்து அரெக்கிப்பா ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். பதினைந்து பதினாறு மணி நேரம் ஆகும், பெரும்பாலும் இரவில்தான் போவீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் எந்த பஸ்ஸிலும் ஜன்னலுக்கு வெளியே தெரிவது இருட்டுதான். மக்களோடு மக்களாக என்கிறார் நண்பர். பக்கத்து சீட்டுக்காரரும் தூங்கத்தானே போகிறார்? இங்கே தயங்காமல் நல்ல பஸ்ஸுக்குக் காசு கொடுங்கள். இரண்டு அடுக்கு வண்டி. கீழ்த்தளத்து சீட்டு கிட்டத்தட்ட படுக்கை மாதிரி, 160 டிகிரி சாயும். மேல்தளத்தில் 140, விலையும் குறைவு. இளவட்டம், உங்களுக்கு மேல்தளம் போதும்.

கூடுதலாகக் கொடுக்கும் காசு சீட்டுக்கு மட்டுமல்ல. பெரு நாட்டுச் சட்டப்படி ஒரு டிரைவர் பகலில் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக்கூடாது. பெரிய கம்பெனிகளில் மாற்று டிரைவர் வண்டியிலேயே வருகிறார். வேகத்தைக் காட்டும் சிவப்பு எண் பயணிகள் பக்கம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை எரிச்சலாக இருந்தது, பிறகு அது கேட்காவிட்டால்தான் கவலையாக இருந்தது. கிளம்பும் முன் ஒரு ஆள் சிறிய கேமராவோடு சீட் சீட்டாக வந்து ஒவ்வொரு முகத்தையும் படம் எடுத்துக்கொண்டு போவார். பயணி மாதிரி ஏறி நடுவழியில் கொள்ளையடித்த கதைகள் உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றாததும் அதனால்தான். மலிவு பஸ் எங்கே கை காட்டினாலும் நிற்கும். பகலில் அது வசதி, நள்ளிரவில் அதுவே பயம்.

அப்படியென்றால் பகல் முழுக்கப் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் படித்த செய்திகளில் 2018 ஜனவரி 2-ஆம் தேதி நடந்த பசமாயோ விபத்து நிச்சயம் இருந்திருக்கும். லிமாவுக்கு வடக்கே, கடலை ஒட்டிய செங்குத்துச் சரிவில் போகும் பாதை. 'பிசாசு வளைவு' என்றே பெயர் பெற்ற திருப்பத்தில் லாரி மோதி, பஸ் சுமார் நூறு மீட்டர் கீழே கடற்கரையில் விழுந்தது. ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். நடந்தது பட்டப்பகலில், வாச்சோவிலிருந்து லிமாவுக்கு வரும் மூன்று மணி நேரத்துக்கும் குறைவான சாதாரணப் பயணத்தில். அதற்குப் பிறகு பயணிகள் பஸ்களை அந்தப் பாதையிலிருந்து விலக்கி மேலே இருக்கும் மாற்றுப்பாதைக்கு அனுப்பினார்கள். ஆகவே நேரத்தோடு ரோடையும் கேளுங்கள். விடுதியில் இருப்பவரிடம் "எது மலிவு" என்று கேட்காமல் "உங்கள் அம்மாவை எதில் அனுப்புவீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பதில் உடனே மாறும்.

இனி உங்கள் நண்பரின் பக்கம். குஸ்கோ–புனோ சுமார் 390 கிலோமீட்டர், ஏழு மணி நேரம். இந்த ஒரு தடத்தில் பகல் நேர சாதாரண பஸ்ஸில் போங்கள் என்று அடித்துச் சொல்வேன். பெரும்பகுதி அகன்ற பள்ளத்தாக்கு, நல்ல தார் ரோடு. 4,335 மீட்டர் உயரத்தில் லா ராயா கணவாயைத் தாண்டியதும் மஞ்சள் புல்வெளி விரியும், ஒட்டக இனத்துக் கம்பளி விலங்கான அல்பாக்கா மந்தைகள் மேயும்.

ஆனால் நான் போகச் சொல்வது அதற்காக அல்ல. வழியில் ஓர் ஊரில் ஒரு அம்மாள் தொப்பியும் பல அடுக்குப் பாவாடையுமாக ஏறினார். கையில் போர்வையில் சுற்றிய பெரிய மூட்டை. அதை நடைபாதையில் கவிழ்த்த வாளிமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு முழு ஆட்டின் வறுவல், ஆவி பறக்க. இடுப்பிலிருந்து சின்னக் கோடரி ஒன்றை எடுத்து, வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் ஒரு முழங்காலைச் சீட்டில் ஊன்றிக்கொண்டு, டக் டக்கென்று வெட்டி, பிளாஸ்டிக் பையில் இரண்டு வேகவைத்த உருளைக்கிழங்கோடு போட்டு நீட்டினார். ஒரு வெட்டுகூடத் தவறவில்லை. பத்து நிமிடத்தில் பஸ் முழுக்க எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. காசை வாங்கி மடியில் செருகிக்கொண்டு அடுத்த ஊரில் இறங்கிவிட்டார். என் பக்கத்து சீட்டுக்காரர், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், என் பையில் கொழுப்புத் துண்டு விழவில்லை என்று வருத்தப்பட்டுத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து என்னுடையதில் போட்டார். சொகுசு பஸ்ஸில் இந்த அம்மாளை ஏற்ற மாட்டார்கள். (நீங்கள் சைவம் என்றால் பெரிய மணிச் சோளமும் பாலாடைக் கட்டியும் விற்பவர் வருவார்.)

இதே தடத்தில் சுற்றுலா பஸ் ஒன்றும் உண்டு, பத்து மணி நேரம் எடுக்கும். அந்தாவைலியாஸ் தேவாலயம், ராக்சியில் விராகோச்சா என்னும் இன்கா கடவுளின் கோவில் இடிபாடு என்று நிறுத்தி நிறுத்திப் போகும். இடிபாடுகளில் உண்மையான ஆர்வம் இருந்தால் மட்டும் அது.

குஸ்கோவைச் சுற்றியுள்ள பிசாக், ஒயாந்தாய்தம்போ போன்ற ஊர்களுக்குக் கொலெக்டிவோ என்னும் வேன்கள். ஆள் நிரம்பினால் கிளம்பும், நிரம்பாவிட்டால் கிளம்பாது. யோசிக்கவே வேண்டாம், ஏறுங்கள்.

காசு பற்றி ஒன்று. இரவு பஸ்ஸில் போனால் அன்றைக்கு விடுதி வாடகை இல்லை. மலிவுக்கும் சொகுசுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

உங்கள் வழி நல்ல வழி. 2,335 மீட்டரில் அரெக்கிப்பா, பிறகு 3,400-இல் குஸ்கோ, 3,800-க்கு மேல் புனோ என்று உடம்பு படிப்படியாகப் பழகும். லிமாவிலிருந்து நேராகக் குஸ்கோவுக்கு மலையேறும் பஸ்ஸில் போய்த் தலைவலியும் வாந்தியுமாக இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த சீட்டும் உதவாது.

பொலிவியா கொஞ்சம் வேறு கதை. புனோவிலிருந்து கோப்பகபானாவுக்கு நேரடி பஸ் இருக்கிறது. எல்லையில் எல்லாரும் இறங்கி முத்திரை வாங்கும்வரை காத்திருக்கும். ஆனால் மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், நம் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். முழு பஸ்ஸும் உங்களை முறைத்துக்கொண்டிருக்கும். விசாவை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். நான் என்றால் வேனில் பெரு பக்கத்து எல்லை ஊரான யுங்குயோ வரை போய், எல்லையை நடந்து கடந்து, அந்தப் பக்கம் இன்னொரு வேன் பிடிப்பேன். யாரும் நமக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கோப்பகபானாவிலிருந்து லா பாஸ் போகும்போது திதிகாகா ஏரியின் திகினா ஜலசந்தியில் எல்லா பஸ்ஸும் ஒன்றுதான். பயணிகள் இறங்கிச் சில்லறை கொடுத்துச் சின்னப் படகில் போக வேண்டும், பஸ் தனியாக ஒரு தட்டையான மரத்தெப்பத்தில் ஆடி ஆடி வரும். பாஸ்போர்ட்டும் பணமும் இருக்கும் பையை வண்டியில் விட்டுவிடாதீர்கள். அதேபோல் சாலை மறியல். பொலிவியாவில் அது அடிக்கடி நடக்கும், ரோட்டில் கல்லைக் கொட்டிவிட்டால் எந்தக் கம்பெனி வண்டியும் நகராது. சனம் இறங்கி மூட்டையோடு மறியலை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் நிற்கும் வேறு வண்டியில் ஏறும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஜூனில் அங்கே குளிர்காலம். ஆல்டிப்ளானோ என்னும் அந்த உயர்ந்த பீடபூமியில் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். மலிவு பஸ்ஸில் ஹீட்டர் இருக்கும் என்று நம்ப வேண்டாம், கம்பளிப் போர்வையை லக்கேஜில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பையை மழைக்கும் தூசிக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். சின்னப் பை தலைக்கு மேல் தட்டில் வேண்டாம், மடியில் இருக்கட்டும். பல நிலையங்களில் டிக்கெட் போக நிலையக் கட்டணம் தனி. அந்தக் கட்டண ரசீது இல்லாமல் வண்டி ஏற விடமாட்டார்கள், கடைசி நிமிடத்தில் ஓட வேண்டியிருக்கும்.

அப்புறம், அம்மாவிடம் பஸ் என்று சொல்லிவிடுங்கள். இரவு வண்டிகளின் கம்பெனி பெயரையும் கிளம்பும் நேரத்தையும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்