எடை குறையும்வரை முழங்கால் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் வயது 43. சின்ன வயதிலிருந்தே குண்டுதான். முழங்கால் வலி என்று ஒரு டாக்டரிடம் போனேன். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், 'முதலில் வெயிட்டைக் குறைச்சிட்டு வாங்க' என்று அனுப்பிவிட்டார். அன்றோடு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. 'உன் உடம்பை அப்படியே ஏத்துக்கோ' என்கிறாள் தோழி. 'அப்படி விட்டால் வியாதிதான் வரும்' என்கிறார் கணவர். யார் பேச்சைக் கேட்பது டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் முழங்கால். வீக்கம் இருக்கிறதா, மாடிப்படி இறங்கும்போது வலிக்கிறதா, நடக்கையில் கால் திடீரென மடங்குகிறதா, காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது என்றெல்லாம் கேட்டு, மூட்டை அசைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஜவ்வு கிழிந்திருக்கலாம், முடக்குவாதமாகவும் இருக்கலாம். ஒல்லியானவர்களுக்கும் வருபவைதான் இவை. தேய்மானம் என்றால் எடை குறைவது வலியைத் தணிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை அன்றே சொல்லிக் கொடுத்திருக்கலாம். உங்களை வெறுங்கையோடு அனுப்பியது தவறு.

எனக்கு முழங்காலைவிடப் பெரிய கவலை, 'அன்றோடு போகவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து பிரஷர், சர்க்கரை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முற்றிய பிறகு வந்து நிற்கும்போது பழி முழுக்க எடைமேல் விழுகிறது. கேலி செய்தால் ரோஷம் வந்து இளைப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிக் கேலிக்கு ஆளானவர்களுக்கு எடை கூடும் வாய்ப்புதான் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

பிரஷர் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால், இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். காற்று ஏற ஏற ஒட்டுப்பட்டை பிய்த்துக்கொண்டு வருகிறது என்றால் அது உங்கள் கைக்கான அளவு இல்லை. 'பெரிய பட்டை இருக்கிறதா?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள். என் மேசையில் இரண்டு அளவும் எப்போதும் இருக்கும்.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று கணக்கிடும் பி.எம்.ஐ. எண்ணைப் பார்த்தும் ஒடிந்துபோக வேண்டாம். அந்தக் கணக்கு முதன்முதலில் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே போட்டது. அவர் வைத்தியர் அல்ல, கணித அறிஞர். மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடியவர். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு வயிற்றிலா தொடையிலா என்று அந்த எண் சொல்லாது. இடுப்புச் சுற்றளவும் ரத்தப் பரிசோதனையும் அதைவிட நிறையச் சொல்லும்.

கணவரின் பயம் அக்கறையில் வருவது, புரிகிறது. ஆனால் நான் உங்கள் தோழி பக்கம்தான். ஏற்றுக்கொள்வது என்றால் எனக்கு இதுதான்: இன்றைய எடையோடேயே பரிசோதனைக்குப் போவது, இன்றைய அளவுக்கே நல்ல துணி வாங்குவது, முடிந்த அளவு நடப்பது. எடை இறங்காவிட்டாலும் நடைக்குப் பலன் உண்டு. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது.

இந்த வாரமே வேறொரு டாக்டரைப் பாருங்கள். அவரும் எடையிலேயே ஆரம்பித்தால், 'இதே வலியோடு ஒல்லியான ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியே ஹெச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரி), கொலஸ்ட்ரால், தைராய்டு மூன்றும் பார்த்துவிட்டு, ரிசல்ட்டோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.