திருகோணமலையில் வீதியோரம் விற்கும் பாலைப்பழம் எந்த மரத்துப் பழம்? அந்த மரத்தால் வேறு என்ன பயன்?

பாலை மரத்தின் பழம்தான். இந்தியாவிலும் இலங்கையின் உலர்வலயக் காடுகளிலும் இயற்கையாக வளர்வது. மிக மெதுவாக வளரும், ஆனால் பல தலைமுறை நிற்கும்.

திருகோணமலைப் பக்கம் ஆனி, ஆடி வெயிலில் பழுக்கும். மஞ்சள் நிறம், அருமையான இனிப்பு. பழத்தின் பால் மட்டும் உதட்டில் பிசின் மாதிரி ஒட்டும். சாப்பிடுமுன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், சரியாகிவிடும். வில்பத்து தேசியப் பூங்காவின் கரடிகளுக்கும் இது மிகப் பிடித்த பழம்.

மரம் தண்ணீரில் மூழ்குமளவு கனம். தூணுக்கும் கூரை வளைமரத்துக்கும் நன்றாக உழைக்கும் என்பதாலேயே வெட்டிவிடுகிறார்கள், அதுதான் வேதனை. அப்புறம், இந்தியாவில் சப்போட்டாவைப் பாலைக் கன்றில்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். வேர் அவ்வளவு உறுதி. விதை போட்டால் காய்க்கப் பல வருடமாகும். பரவாயில்லை, காணி இருந்தால் நடுங்கள்.