மூட்டையோடு படியிறங்கினால் மறுநாள் ஏன் வலிக்கிறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த வருடம்தான் விவசாயத்துக்குத் திரும்பினேன். மழைக்குப் பயந்து மாடி அறையில் அடுக்கியிருந்த நெல்லில் 20 மூட்டைகளை டிபிசிக்கு (அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம்) அனுப்பப் படிவழியே சுமந்து இறக்கினேன். பாதிக்கு மேல் கால் வெடவெடத்தது, ஆனால் வலி இல்லை. மறுநாள் மாலையிலிருந்து முன்தொடையைத் தொட முடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது, நிறையத் தண்ணீர் குடி என்கிறான் ஜிம்முக்குப் போகும் தம்பி. இன்னும் 15 மூட்டை மேலே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தண்ணீர் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டிக் ஆசிட் மீது பழி போடாதீர்கள். வேலையை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் மாலை தொடங்கும் வலிக்கு அது எப்படிக் காரணமாகும்?

நீங்கள் ஏறியது வெறுங்கையோடு, இறங்கியது 40 கிலோ சுமையோடு. விஷயம் அங்கேதான் இருக்கிறது. தசை நாருக்குள் மயோசின், ஆக்டின் என்று இருவகைப் புரத இழைகள். நரம்பு கட்டளையிட்டதும் நாருக்குள் கால்சியம் வெளிப்படும், மயோசினின் தலைகள் ஆக்டினைப் பிடித்துப் பிடித்து இழுக்கும். படி ஏறும்போது முன்தொடைத் தசை இப்படி இழுத்துச் சுருங்குகிறது. இறங்கும்போதும் இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் சுமை அதைவிட வலுவாக எதிர்ப்பக்கம் இழுப்பதால் நீண்டுகொண்டே போகிறது. திருவாரூர் ஆழித்தேர் சரிவில் ஓடிவிடாமல் வடத்தைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஊரே பிடிக்காமல், கொஞ்சம் பேர் மட்டும். நீளும் தசையில் ஒவ்வொரு நாரும் கூடுதல் விசை தாங்கும் என்பதால் மூளை குறைவான நார்களையே வேலைக்கு அழைக்கிறது. அந்தச் சில நார்கள்மேல்தான் பாரம் முழுவதும். அதனால் அவற்றின் உள்கட்டமைப்பு அங்கங்கே நுணுக்கமாகச் சிதைகிறது. அதைச் சரிசெய்ய உடல் அழற்சியை உண்டாக்க, வலி நரம்புகள் கூர்மையாகின்றன. இதற்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகிறது. மூச்சு வாங்காத வேலை என்பதால் இறங்குவதை எல்லோரும் சுலபமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பாதியில் கால் வெடவெடத்தது வேறு சங்கதி, அது களைப்பு. கடும் வேலையில் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற ஆற்றல் கையிருப்பு சில விநாடிகளுக்குத்தான் வரும். அது உடைந்து சேரும் பாஸ்பேட் மயோசினின் பிடியைத் தளர்த்துகிறது, கால்சியம் வெளிப்படுவதையும் குறைக்கிறது. சில நிமிடம் உட்கார்ந்தால் பெருமளவு தெளிந்துவிடும்.

சரி, மீதி 15 மூட்டை? வலி உச்சத்தில் இருக்கும்போது தசையின் பலமும் குறைந்திருக்கும். மூட்டையோடு படியில் கால் மடங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நாலைந்து நாள் விடுங்கள். அதற்காகப் படுத்தே கிடக்க வேண்டாம், வரப்பில் நடந்து வந்தாலே கொஞ்சம் இதமாக இருக்கும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தைந்து மூட்டை. லாரி வந்து நின்றுவிட்டதென்றால் ஆள் வைத்து இறக்குங்கள். ஒருமுறை இப்படி அடிபட்ட தசை சில வாரங்களுக்கு அதே வேலையைத் தாங்கப் பழகிவிடும், அடுத்த முறை வலி நன்றாகவே குறைந்திருக்கும். அடுத்த அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே வெறுங்கையோடு மெதுவாகப் படி இறங்கிப் பழகினாலும் பலன் உண்டு.

சோறும் குழம்பும் மட்டும் போதாது. தினம் முட்டை, மீன், பருப்பு, கொண்டைக்கடலை என்று எதையாவது கூட்டிக்கொள்ளுங்கள். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்காதீர்கள், வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது.

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, தொடை வீங்கி இறுகினாலோ இந்த யோசனையையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தசை அளவுக்கு மீறி உடைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். மூட்டை சுமந்த விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.