ஒரு அடினின் மட்டும் திரும்பி நிற்கிறது, திருத்தலாமா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். புராஜெக்டுக்காகப் புரதம் ஒட்டிய டிஎன்ஏ ஒன்றின் பிடிபி கோப்பை (அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் கோப்பு) பைமால் என்ற மூலக்கூறு பார்க்கும் மென்பொருளில் திறந்தேன். ஒரு ஏ-டி (அடினின்-தைமின்) ஜோடியில் மட்டும் அடினின் தலைகீழாக இருக்கிறது. தவறான கோப்பா? நானே திருப்பி வைத்துவிடலாமா?

பதில்: கை வைக்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். வாட்சன்-கிரிக் ஜோடியில், அதாவது டிஎன்ஏவின் வழக்கமான ஜோடியில், இரண்டு பக்கத்துச் சர்க்கரைகளின் சி1 பிரைம் அணுக்களுக்கு (அடினினும் தைமினும் ஒட்டியிருக்கும் கார்பன்கள்) நடுவே சுமார் 10.5 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) இருக்கும். உங்கள் ஜோடியில் அது 8.5 பக்கம் வந்தால், ஹூக்ஸ்டீன் ஜோடி என்று சந்தேகப்படலாம். கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன் 1963-இல் படிகத்தில் காட்டிய அமைப்பு இது. அடினின் தன் சர்க்கரைப் பிணைப்பில் 180 பாகை சுழன்று, தன் என்1 நைட்ரஜனுக்குப் பதிலாக என்7 நைட்ரஜனால் தைமினின் என்3 நைட்ரஜனைப் பிடிக்கிறது. மல்லிகைச் சரத்தில் ஒரு மொட்டு மட்டும் திரும்பிக்கொண்டால் அந்த இடம் ஒடுங்குமே, அதே மாதிரி டிஎன்ஏ இழையின் முதுகெலும்பும் உள்ளே இழுபடும்.

இது அபூர்வ விபத்து இல்லை. புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதம் ஒட்டிய டிஎன்ஏவில், சிஏடிஜி என்ற எழுத்து வரிசை கொண்ட நடுப்பகுதியின் ஏ-டி ஜோடிகள் இப்படி இருப்பதை 2010-இல் காட்டினார்கள். புரதமே இல்லாத டிஎன்ஏவில்கூட ஜோடிகள் மில்லிசெகண்ட் அளவில் இப்படித் திரும்பித் திரும்பி வருவதை 2011-இல் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) ஆய்வு காட்டியது.

சரி, கோப்பை எவ்வளவு நம்பலாம்? எக்ஸ்-ரே தரவிலிருந்து கிடைத்த எலக்ட்ரான் அடர்த்தி மேப்பை இறக்கிப் பாருங்கள். அந்த அடினினை நீக்கிவிட்டு ஓமிட் மேப் (அது இல்லாமல் கணக்கிட்ட மேப்) போட்டால், வளையம் எந்தப் பக்கம் உட்காருகிறது என்பது தெரியும். ரெசல்யூஷன் (எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்ற அளவு) 3 ஆங்ஸ்ட்ராம் பக்கம் என்றால் இரண்டு வடிவமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். அப்போது எந்தப் பக்கமும் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அதிகக் கவலை தருவது எதிர்ப்பக்கத் தவறுதான். பழக்கத்தில் வாட்சன்-கிரிக் என்று பொருத்திவிட்ட ஹூக்ஸ்டீன் ஜோடிகள் பழைய கோப்புகளில் இருக்கக்கூடும்.

அப்புறம், ஆய்வகத்தில் சோதிக்க நினைத்தால் 7-டீஅசா-அடினின் போட்டுப் பார்க்கலாம். என்7 இருந்த இடத்தில் கார்பன் இருப்பதால் ஹூக்ஸ்டீன் பிடி போய்விடும். ஆனால் புரதம் ஒட்டுவது குறைந்த உடனே கொண்டாடிவிடாதீர்கள். சாதாரண ஜோடியில் என்7 டிஎன்ஏ சுருளின் அகலமான பெரும் பள்ளத்தில் வெளியே தெரியும், புரதம் அதை நேராகப் பிடித்திருந்தாலும் அதே முடிவுதான் வரும்.