சொன்னால் கெட்டுப்போவானா?

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 13 வயது. ஆட்டிசம் உள்ளவன், தேவைக்கு இரண்டொரு வார்த்தைதான் பேசுவான். இப்போது மீசை அரும்புகிறது. விருந்தாளிகள் முன்னாலேயே டவுசருக்குள் கையை விடுகிறான். மாமியார், 'நாலு போடு, சரியாயிரும்' என்கிறார். உடம்பு விஷயத்தையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் இன்னும் கெட்டுப்போவானோ?

ஒரு தாய், அம்பாசமுத்திரம்

அன்புள்ள சகோதரிக்கு,

கெட்டுப்போக மாட்டான். பேச்சு தாமதமானாலும் பருவம் அதன் வயதில் வந்துவிடுகிறது. மற்றப் பையன்கள் கூட்டாளிகளிடம் அரைகுறையாகவாவது கேட்டுக்கொள்வார்கள். இவனுக்கு அந்த வழியும் இல்லை.

முதலில் அரிப்பு, புண், இறுக்கமான ஜட்டி என்று ஏதும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது அந்த வயதுக்கு இயல்பு. அடித்தால் பயம்தான் மிஞ்சும். 'சீ, கையை எடு' என்பதிலும் அவனுக்கு ஒன்றும் விளங்காது. எங்கே கூடாது என்பதோடு எங்கே பரவாயில்லை என்பதையும் சொல்லுங்கள்: தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, நம் வீட்டு அறையில். பொத்தாம்பொதுவாக 'பாத்ரூம்' என்றால் பள்ளிக்கூடப் பாத்ரூமையும் சேர்த்துக்கொள்வான். உங்கள் வீட்டுக் கதவையே போட்டோ எடுத்து, அதைக் காட்டிச் சொல்லுங்கள். மாமியாரும் அதையே காட்டட்டும். ஆளுக்கொரு விதி இருந்தால் எந்தப் பிள்ளையும் குழம்பும்.

நம்ம பக்கத்தில் இன்னொரு வம்பும் உண்டு. கதவைச் சாத்தித்தான் துணி மாற்ற வேண்டும் என்று பழக்கிவிட்டு, பாபநாசம் படித்துறைக்குக் கூட்டிப்போவோம். அங்கே ஊரே துண்டோடு நிற்கும்! விதியை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொள்கிற பிள்ளை என்ன செய்வான்? ஆற்றுக்கென்று தனியாக ஒரு படக்கதை வேண்டும். துண்டைக் கட்டுகிறேன், உள்ளுக்குள்ளேயே டவுசரை மாற்றுகிறேன், அப்புறம்தான் துண்டை எடுக்கிறேன். குச்சி மனிதன் படம் போதும். கிளம்புவதற்குப் பல நாள் முன்பிருந்தே காட்டுங்கள். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சோஷியல் ஸ்டோரி' முறையும் இந்த வழிதான்.

தூக்கத்தில் விந்து வெளியாவதையும் முன்கூட்டியே அவன் அப்பா சொல்லிவைக்கட்டும். இல்லாவிட்டால் படுக்கையில் மூத்திரம் போய்விட்டோம் என்று மிரளுவான்.

எனக்குப் பெரிய கவலை வேறு. இத்தனை வருடம் வீட்டிலும் தெரபியிலும் 'சொன்னதைச் செய்' என்றே பழக்கியிருக்கிறோம். அத்தைக்கு முத்தம் கொடுக்க மறுத்தால்கூட விடுவதில்லை. அப்படி வளர்ந்தவன் தப்பான ஆளிடம் எப்படி மறுப்பான்? 'வேண்டாம்' என்று ஒரு அட்டை செய்து கொடுங்கள். அவன் அதை நீட்டினால், அத்தையே ஆனாலும் கையை எடுத்துவிட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் பொருந்தும். குழந்தையின் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்த குற்றத்துக்குத் தண்டனை இன்னும் கடுமை. சந்தேகம் வந்தால் குடும்ப மானம் பார்த்துக்கொண்டிருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள்.